மகிழினிக்குத் தாழ்த்திய வண்டி

முதலில் ஒரு விடுகதை போடுகிறேன் சார். வண்டியில் ஏறியதும் விடுகதையா என்று பார்க்காதீர்கள். ஏறியதும் என்று சொன்னதே தப்பு. இந்த வண்டியில் யாரும் ஏறுவதில்லை. நாற்காலியில் உட்காருகிற மாதிரி அப்படியே உட்கார்ந்துவிடலாம். நீங்கள் இப்போது உட்கார்ந்தீர்களே, காலைத் தூக்கினீர்களா? இல்லை. கைப்பிடியைப் பிடித்தீர்களா? இல்லை. சரி, விடுகதை.

ரோட்டில் படுத்தே கிடக்கும், ஒருநாளும் தூங்காது. பத்துச் சக்கர லாரியைப் பேசாமல் விட்டுவிடும். ஏழு வயசுப் பிள்ளையை இறக்கிவிடும். அது என்ன?

மெதுவாக யோசியுங்கள். உங்கள் பஸ் இன்றைக்குக் கிளம்பாது. நான் பார்த்தேனே, டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிழலில் படுத்துவிட்டார். செருப்பைக் கழற்றிய டிரைவர் சீக்கிரம் எழுந்திருக்கமாட்டார். நீங்கள் போகவேண்டிய இடத்துக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன். எனக்கும் அந்த வழிதான். நொச்சிக்காட்டைத் தாண்டித்தானே?

இன்னும் விடை வரவில்லையா? அதோ வருகிறது பாருங்கள், ரைஸ்மில்லுக்கு முன்னால். வேகத்தடை. கொஞ்சம் இறங்கிக்கொள்ளுங்கள் சார். தப்பாக நினைக்காதீர்கள். நான் மட்டும் இருந்தால் ஓரமாக ஒட்டி ஏற்றிவிடுவேன். இன்னொரு ஆள் எடை சேர்ந்தால் வண்டிக்கு வயிறு தட்டும். பையை வைத்துவிட்டு இறங்குங்கள், பை ஒன்றும் கனமில்லை.

ஆச்சு. உட்காருங்கள். சத்தம் கேட்டதா? கேட்கவில்லை அல்லவா? லேசாகக் கேட்டதா? அது புகைக்குழாய், சட்டம் இல்லை.

என் பெயர் செங்கோட்டுவேல். திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டில் லாரி பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறேன். இந்தப் பிக்கப் என் அப்பா காலத்து வண்டி. இதன் சட்டத்தை, அதாவது சேஸிஸை, நானே புதிதாகச் செய்தேன். ஒரே ஆளாக. யாருக்காக என்றால் என் தங்கச்சி மகள் மகிழினிக்காக.

தங்கச்சி பூங்கோதையை நொச்சிக்காட்டில் கொடுத்திருக்கிறோம். எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் குழந்தை இல்லை, அதை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமையானால் நான் நொச்சிக்காட்டுக்குப் போய் மகிழினியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அப்போது வண்டி பழைய உயரத்தில் இருந்தது. அவள் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று இரண்டு கையையும் தூக்குவாள்.

"மாமா, தூக்கு."

தூக்கி சீட்டில் வைப்பேன். வழியெல்லாம் பேச்சுத்தான். "மாமா, அந்த மாடியில ஒரு நாய் நிக்குது. மாமா, அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு குளிக்கிறாரு. மாமா, கொய்யா மரத்துல காக்கா கூடு." அந்த வீட்டுக்காரர்கள் எவ்வளவு உயரத்துக்குச் சுவர் கட்டினாலும் இவளுக்கு எல்லாம் தெரியும். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவன், நாயை எங்கே பார்க்கிறது? உம், உம் என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் தானாக ஏறப் பார்த்துப் படியில் வழுக்கிவிட்டாள். முழங்காலில் சிராய்ப்பு. பெரிதாக ஒன்றுமில்லை. மஞ்சள் வைத்தோம், அடுத்த நிமிஷம் குதித்துக்கொண்டிருந்தாள். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை சார். பிள்ளை ஏற முடியாத வண்டி என்ன வண்டி? வாராவாரம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாளே, பாவம், அது எவ்வளவு சங்கடம்?

இந்தச் சமயத்தில்தான் காதுகுத்துப் பேச்சு வந்தது.

ஏழு வயசில் காதுகுத்தா என்று நீங்கள் கேட்கலாம். தள்ளிக்கொண்டே போய்விட்டது. காரணம் என் தம்பி பூபதி. அவன் போர் வண்டி ஓட்டுகிறான். ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி. வடக்கே போனால் மழை தொடங்கிய பிறகுதான் ஊர் திரும்புவான். அவன் வரும்போது நல்ல நாள் இருக்காது, நல்ல நாள் இருக்கும்போது அவன் இருக்கமாட்டான். இந்த வருஷம் ஆவணியில் இரண்டும் சேர்ந்து அமைந்தது.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. தாய்மாமன்கள் நாங்கள் இரண்டு பேர். மடி எது என்பதுதான் கேள்வி.

மூத்தவன் நான். எனக்கு இதில் கேள்வியே இல்லை. ஆனால் பூபதி சத்தீஸ்கரிலிருந்து போனில் சொல்கிறான்: "அண்ணா, வருசமெல்லாம் நீதான வெச்சுக் கொஞ்சற. ஒரு நாளைக்கு என் மடியில உக்காந்தாத் தேஞ்சா போயிரும்?"

"ஏன்டா, நீ அந்தப் புள்ளைய வருசத்துக்கு எத்தன தடவ பாக்கற?"

"அதனாலதாண்ணா கேக்கறேன்."

பாருங்கள், எப்படிப் பேசுகிறான். இரண்டு பேரும் பூங்கோதையைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். அவள் ஒரு நாள் போனிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். போனில் எப்படித் தெரிந்தது என்றால், வீடியோ.

"ரெண்டு பேரும் என்னைய விட்டிருங்க சாமி. சீர் கொண்டுட்டு ரெண்டு பேரும் வண்டியில வாங்க. எங்க ஊட்டுல இருந்து கோயிலுக்குப் புள்ள யாரு வண்டியில வருதோ, அவங்க மடியில உக்காரட்டும். யாரும் புள்ளையக் கூப்புடக் கூடாது, மிட்டாய் காட்டக் கூடாது. அவளாப் பாத்து ஏறட்டும்."

அந்த நிமிஷமே நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் சார். போர் வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேபின் எங்கேயோ இருக்கும். முதல் படியே மகிழினியின் தலைக்கு மேலே. அவளாகப் பார்த்து ஏறட்டும் என்றால், அதில் எப்படி ஏறுவாள்? அவளாக ஏறக்கூடிய வண்டி ஒன்று இருந்தால் போதும். அது என்னுடையதாக இருக்கவேண்டும். கணக்கு அவ்வளவு சுலபம்.

ஆடி மாதம் பட்டறையில் புது வேலை வராது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆரம்பித்தேன்.

சேஸிஸ் என்றால் பெரிய விஷயமில்லை. ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். இரண்டு நீளச் சட்டம், நடுவில் குறுக்குச் சட்டங்கள். அதன்மேல் கேபின், அதன்மேல் பின்பெட்டி. கீழே அச்சும் சக்கரமும். வண்டியைத் தாழ்த்து என்றால் சில பேர் ஸ்பிரிங் பட்டையை மட்டும் உருவிவிடுவார்கள். அப்படிச் செய்தால் கொஞ்ச தூரத்திலேயே சட்டம் அச்சின்மேல் போய் இடிக்கும். அது வேலை இல்லை, ஏமாற்று.

நான் என்ன செய்தேன் என்றால், பழைய சட்டத்தை அப்படியே கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டேன். புது இரும்புச் சேனல் வாங்கி, கேபினுக்குக் கீழே சட்டம் தாழ்ந்து போகிற மாதிரி வெட்டினேன். பின் அச்சு வருகிற இடத்தில் மட்டும் அது மேலே எழும்பி, அச்சைத் தாண்டி, மறுபடி இறங்கும். ஒட்டகம் கழுத்தைத் தாழ்த்தி நிற்கிற மாதிரி ஒரு வளைவு. அந்த வளைவுக்குள் அச்சு தாராளமாக ஆடலாம். அது போதாதென்று பட்டையிலும் இரண்டை உருவினேன். நானும் உருவினேன்தான், ஆனால் முறையாக.

வெல்டிங்கை ஒரே பக்கம் வைத்துக்கொண்டே போகக் கூடாது சார். சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். இந்தப் பக்கம் ஒரு விரல் நீளம், ஆறவிட்டு, அந்தப் பக்கம் ஒரு விரல் நீளம். அவசரப்படவே கூடாது. கடைசியில் முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு நூல் பிடித்தேன். அப்புறம் முன் வலது மூலையிலிருந்து பின் இடது மூலைக்கு. இரண்டும் ஒரே நீளம் இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் ஒரே நீளம். மயிரிழை வித்தியாசம் இல்லை. பக்கத்துப் பட்டறை மாதப்பன் வந்து அவனே பிடித்துப் பார்த்தான். பார்த்துவிட்டு, "ஏனுங், இத்தன சுத்தமா எங்களுக்கு ஒரு இரும்பு கேட்டாச்சும் அடிச்சுக் குடுத்திருக்கீங்களா?" என்றான். பொறாமை.

என் வீட்டுக்காரி வளர்மதி சாப்பாடு கொண்டுவந்தவள், வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தாள்.

"இதென்னுங், வண்டி உக்காந்துக்கிச்சு?"

"மகிழினி தானா ஏறட்டும்னு."

"அந்தப் புள்ளைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா அப்புறம் என்ன சர்ப்ரைஸ்? அதுவுமில்லாம புள்ளையக் கூப்புடக் கூடாதுன்னு பூங்கோதை சொல்லியிருக்கறா."

"கூப்புடத்தான் கூடாது. கேக்கறதுக்கு என்ன?"

இவளுக்குச் சட்டமும் தெரியாது, சேஸிஸும் தெரியாது. நான் சாப்பிட்டுவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போய்விட்டேன். அந்த வேலை முடிகிறவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நொச்சிக்காட்டுக்குப் போகவில்லை. மகிழினி இரண்டு தடவை போன் செய்து, "மாமா, ஏன் வல்ல?" என்றாள். "மாமா உனக்கு ஒண்ணு செய்யறேன், பொறு கண்ணு" என்றேன்.

இருங்கள், பள்ளிக்கூடம் வந்துவிட்டது. இங்கேயும் ஒரு மேடு. இது சின்னதுதான், ஆனாலும் இறங்கிவிடுங்கள். அப்படியே நடந்து அந்தப் புளியமரத்தடிக்கு வந்துவிடுங்கள், நான் வந்துவிடுகிறேன்.

வாருங்கள் சார். வேர்த்துவிட்டதா? தண்ணீர் அங்கே கதவில் இருக்கிறது. என்ன கேட்டீர்கள்? ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்ன சொன்னார்கள் என்றா? எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. கதையைக் கேளுங்கள்.

காதுகுத்து அன்றைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டினேன். பின்பெட்டியில் சீர்த் தட்டுகள். பழம், வெல்லம், தேங்காய், பட்டுப்பாவாடை, ஒரு மூட்டை பச்சரிசி. நொச்சிக்காடு போகிற வழியில் வளர்மதி ஒவ்வொரு மேட்டுக்கும் இறங்கி ஏறினாள். மூன்றாவது மேட்டுக்குப் பிறகு, "நான் பின்னால பஸ்ல வர்றனுங்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிடிவாதக்காரி.

பூங்கோதை வீட்டு வாசலில் பூபதியின் போர் வண்டி ஏற்கனவே நின்றுகொண்டிருந்தது. வடக்கத்தித் தூசிகூடப் போகவில்லை. ஒரு மாலை போட்டிருந்தான், அவ்வளவுதான். என் வண்டியைப் பார்த்துவிட்டு மேலேயிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணா, வண்டி குழியில நிக்குதா?"

"குழியுமில்ல ஒண்ணுமில்ல. செஞ்சிருக்கறேன். எறங்கி வந்து பாரு."

இறங்கி வந்தான். குனிந்து சட்டத்தைப் பார்த்தான். வளைவைத் தடவிப் பார்த்தான். "வெல்டு நல்லா இருக்குதுண்ணா" என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து பல வருஷம் இருக்கும். உடனே, "ஆனா எதுக்கு?" என்றும் கேட்டான். பதில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

யாரும் கூப்பிடவில்லை. மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். மகிழினி போர் வண்டியைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். என் வண்டியைப் பார்த்தாள். நான் கதவைத் திறந்துவைத்திருந்தேன். நேராக நடந்துவந்து, காலைத் தூக்காமல், கையைத் தூக்காமல், நாற்காலியில் உட்காருகிற மாதிரி அவளே உட்கார்ந்தாள்.

சார், அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் ஆடி மாதம் முழுக்கப் புகையில் நின்றேன். பூங்கோதை சிரித்தாள். பூபதி, "சரி போ" என்று தன் வண்டியில் ஏறிவிட்டான். மேளம் ஆரம்பித்தது. முன்னால் மேளம், நடுவில் நான், பின்னால் போர் வண்டி. மெதுவாக, நடக்கிற வேகத்தில்.

பாதி வழியில், "எப்புடி கண்ணு இருக்குது?" என்று கேட்டேன்.

"மாமா, சுவரு தெரியுது."

"சுவத்துல எழுதியிருக்கறதெல்லாம் படிச்சுட்டே வா. எழுத்துப் பழகுன மாதிரி ஆச்சு."

கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தாள்.

"மாமா, மோளக்காரரு முதுகு தெரியுது."

"நல்லாத் தெரியுதா?"

"அது மட்டுந்தாந் தெரியுது."

"பக்கத்துல இருக்கறதுனால அப்புடி."

அப்புறம் ஒரு ஆடு ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. ஆடும் இவளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "மாமா, ஆடு என்னையவிட ஒசரமா இருக்குது" என்றாள். எனக்கு ஒரே சிரிப்பு. குழந்தைகள் எதையெல்லாம் கவனிக்கிறார்கள் பாருங்கள். சீட்டில் முட்டிபோட்டு நின்று பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துகொண்டாள். "இந்த வண்டி நம்மளுதா மாமா?" என்று கேட்டாள். "நம்மளுதுதான், உனக்காகத்தான் இப்புடிச் செஞ்சேன்" என்றேன். "பழசு எங்க?" என்றாள். "பட்டறைச் சுவத்துல சாச்சு வெச்சிருக்கறேன்" என்றேன். "உம்" என்றாள். நான் சொல்கிற மாதிரியே.

நீங்கள் ஏன் சார் எட்டி எட்டிப் பார்க்கிறீர்கள்? சுவர் மறைக்கிறதா? பழகிவிடும்.

இப்போது நொச்சிக்காடு வந்துவிட்டோம். அதோ கோயில் கோபுரம். அதற்கு முன்னால் ரோட்டில் படுத்திருக்கிறது பாருங்கள், அதுதான். என் விடுகதைக்கு நிஜமான விடை அதுதான். மற்றதெல்லாம் குட்டிகள். காதுகுத்துக்கு முந்தின வாரம்தான் போட்டிருக்கிறார்கள். ஏன் முந்தின வாரம்? பிந்தின வாரம் போட்டால் ஆகாதா? இதை எடுக்கச் சொல்லிப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நானும் போய்க்கொண்டே இருக்கிறேன். கோயிலுக்கு முன்னால் வேகத்தடை வேண்டாமா என்கிறார்கள். வேண்டும்தான். இவ்வளவு உயரம் எதற்கு?

இறங்குங்கள் சார். இங்கே நின்றே சொல்லிவிடுகிறேன். இந்த இடத்தில்தான் அன்றைக்கு நிறுத்தினேன். பின்பெட்டியில் சீர், பட்டை வேறு உருவியது, வண்டி ஏற்கனவே அழுந்திக் கிடந்தது. இறங்கிப் பார்த்தேன். தட்டும். ஏதாவது ஒரு எடை குறையவேண்டும். சீர்த் தட்டை இறக்கலாம் என்று நினைத்தால், சுற்றி நின்ற பெண்களெல்லாம் ஒரே குரலில், "ஐயோ, சீரை நடுவழியில கீழ வெக்கக் கூடாதுங்" என்றார்கள். அரிசி மூட்டையும் சீர்தான். அதையும் தொடவிடவில்லை. வாழைக்கன்றை அவிழ்த்தேன், அது என்ன எடை இருக்கும்?

கடைசியில் நான்தான் சொன்னேன்: "கண்ணு, ஒரே ஒரு நிமிசம் எறங்கிக்கோ. மாமா இதத் தாண்டிட்டு உன்னைய ஏத்திக்கறேன்."

இறங்கி இந்தப் பக்கம், நீங்கள் நிற்கிற இடத்தில்தான் நின்றாள். நான் வண்டியைக் கோணலாக விட்டு, ஒரு சக்கரம், அப்புறம் ஒரு சக்கரம் என்று ஏற்றினேன். வயிறு உரசியது. மேளத்தில் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. நான்கு சக்கரமும் தாண்டிவிட்டது. ஒரு தட்டு சாயவில்லை, ஒரு தேங்காய் உருளவில்லை. சட்டம் அப்படி. கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தேன்.

பூபதி போர் வண்டியை அவளுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தான். அவன் கூப்பிடவில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஸ்டியரிங்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். மகிழினி கழுத்தை முழுக்கப் பின்னால் சாய்த்து அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறு கண்ணு, தாண்டியாச்சு" என்றேன்.

அவள் என்னிடம்தான் வந்தாள் சார். நேராக என்னிடம் வந்து நின்றாள். இரண்டு கையையும் தூக்கினாள்.

"மாமா, தூக்கு."

"இப்பத் தூக்க வேண்டியதில்ல கண்ணு. நீயே உக்காந்துக்கலாம். அதுக்குத்தான மாமா செஞ்சிருக்கறேன்."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். திரும்பிப் போர் வண்டியைக் காட்டினாள். கையை இறக்கவே இல்லை. அதன் படி அவளுக்கு எட்டாது. பூபதிக்கு மேலேயிருந்து கை எட்டாது. பக்கத்தில் உயரமான ஆள் நான்தான் இருந்தேன்.

தூக்கிவிட்டேன். இந்த மேடு மட்டும் இல்லையென்றால் அவள் இறங்கியே இருக்கமாட்டாள், அதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். அடுத்த மாதம் முன்பக்கத்தை இன்னும் இரண்டு அங்குலம் இறக்கலாம் என்று இருக்கிறேன்.

மேலே போனதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாமா, கோயிலுக்கு உள்ள சாமி தெரியுது" என்றாள். கோயில் வரைக்கும் போர் வண்டியிலேயே வந்தாள். பூபதி மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாள்.